அப்பாவின் மூக்குக்கண்ணாடி

"கண்ணாடிய ஸ்கூல்லயே வச்சிட்டேன் பாட்டி. நீங்களே படிங்க" என்றான் பேரன். இந்தச் சாக்கை எழுபதுகளில், ராயப்பேட்டை வீட்டில் தினமும் கேட்டிருக்கிறேன்.

அப்பா திருநெல்வேலிக்காரர். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். காலையில் காப்பி மணத்தோடு பேப்பர் என் மடியில் வந்து விழும். "ஏட்டி, சத்தமா வாசி. கண்ணாடி கடையில கெடக்கு."

தம்பி சேகருக்கு மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்ட வரவில்லை. 'படம்' என்றால் 'பமட்' என்று எழுதுவான். "வேணும்னே செய்தான், நாலு போடுங்க" என்பாள் அம்மா. செருப்பைக் கோணலாக விட்டாலே அடிக்கிற அப்பா, இதற்கு மட்டும் கை ஓங்கமாட்டார்.

"அவன விடு. எழுத்து நிக்காம ஓடுனா அவன் என்ன செய்வான்?"

எழுத்து ஓடும் என்று இவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு உறுத்தியது.

ஒருநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க. கண்ணாடி வீட்டுல கெடக்கு" என்றார்.

அப்பா காலமானபின் வீட்டிலும் கடையிலும் தேடினேன். கண்ணாடி எங்கேயும் இல்லை.

பேரனின் பையில் கண்ணாடிக்கூடு துருத்திக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காததுபோல் புத்தகத்தை விரித்தேன்.

"எந்த எழுத்துடா ஓடுது? காட்டு."