கை இறங்கும்வரை

கதை கட்டும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. அன்று கூடத்தில் ஏழு பேர் இருந்தோம். ஏழு பேரும் கேட்டோம்.

நான் நடனம் அமைப்பவள். பூகம்பத்தில் என் அக்கா காணாமல் போய் ஆறு வருடம் ஆகிறது. வேலை முடிந்து கிளம்பியவள் எந்தக் கட்டடத்தின் அடியில் சிக்கினாள் என்று யாருக்கும் தெரியாது. "நொடியில போயிருப்பா, வலிச்சிருக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் அம்மா இன்னும் நடமாடுகிறாள். இந்த நடனமே அக்காவுக்காகத்தான்.

மீட்புப் படையில் இருந்த ஒருவர் எனக்கு ஒரு சைகை சொல்லிக்கொடுத்தார். இடிபாட்டின் மேல் ஒருவர் கையை உயர்த்தினால் மற்றவர்கள் அசையக் கூடாது. மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அடியில் யாராவது தட்டுகிறார்களா என்று காது கொடுப்பார்கள். கை இறங்கினால் யாரும் இல்லை என்று அர்த்தம். பிறகு மண் தள்ளும் இயந்திரம் வந்துவிடும்.

அதையே நடனத்தின் முடிவாக வைத்தேன்.

புதிதாகக் கட்டிய கூடத்தில் ஒத்திகை. அவரையும் கூப்பிட்டிருந்தேன். வாசல்வரை வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். மனுஷனுக்கு என்ன கோபமோ என்று விட்டுவிட்டேன்.

மாலை நாலரை. கடைசிக் காட்சி. ஆடுகிற ஐந்து பேரோடு நானும் கையை உயர்த்தினேன். மேளம் நின்றது.

டக் டக்... டக்.

"யாருப்பா தட்டுறது?"

மேளக்காரர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"எலியா இருக்கும்க்கா" என்றான் ஆடுகிறவர்களில் ஒருவன், எங்கள் நெட்டை.

"தாளம் தெரிஞ்ச எலியாடா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுபடி செய்தோம். கைகள் உயர்ந்தன.

டக் டக்... டக்.

காலடியில். சிமெண்ட் தரைக்கு அடியில்...

அக்கா எங்கள் வீட்டுக் கதவை அப்படித்தான் தட்டுவாள். இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

நெட்டை கையை இறக்கினான்.

டக்டக்டக்டக்டக்...

"கைய தூக்குடா."

தூக்கினான்.

நின்றது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ... தோள் வலி தாங்காமல் ஒவ்வொரு கையாக இறங்கியது. கடைசியாக என் கை.

அதன் பிறகு சத்தமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மீட்புப் படைக்காரருக்குப் போன் போட்டேன். தோள் வலியில் போனைப் பிடிக்க முடியாமல் ஸ்பீக்கரில் வைத்தேன். ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டேன்.

"அந்த இடத்துலயாம்மா கூடம் கட்டியிருக்காங்க? அங்க கை தூக்கினதே நான்தான். பூகம்பம் வந்து நாலாவது நாள். அடியில சத்தம் கேட்டுது. மேலதிகாரி எலின்னுட்டாரு. கைய இறக்கச் சொன்னாரு. அப்படியே மண்ணப் போட்டு மூடிட்டாங்க."

நாலாவது நாள்...

"என்ன மாதிரி சத்தம்?"

அவர் எதன் மீதோ தட்டிக் காட்டினார்.

டக் டக்... டக்.

பக்கத்து அறையில் அம்மா எழுந்துகொள்ளும் சத்தம் கேட்டது.

"அக்கா தட்டுறா பாரு. போய்க் கதவத் திறடி" என்றாள்.