வால்மோனின் ஏழேகால் வண்டி

வால்மோன் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பது, கொடி காட்டுவது, அறையைப் பெருக்குவது எல்லாமே மார்செலின் ஒருத்திதான். கேட் காவலரின் மகளாகத் தண்டவாளத்தோரம் பிறந்தவள். ஐம்பத்து மூன்று வயதாகிறது. கல்யாணப் பேச்சை எடுப்பவர்களிடம், ஏழேகால் வண்டியை அனுப்பிவிட்டு யோசிக்கிறேன் என்பாள்.

அந்த வண்டிக்கே ஆபத்து வந்தது. ஆள் எண்ணிப் பார்த்ததில் ஏறியவர் மூன்றே பேர், அடுத்த மாதம் முதல் வால்மோனில் வண்டி நிற்காது, ஸ்டேஷனும் மூடப்படும் என்று மேலிடத்திலிருந்து கடிதம். எண்ணிய தேதியைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமையாம்! ஞாயிறு மதியம்வரை வியாபாரம் பார்த்தவர்கள் திங்களன்று கடை திறப்பார்களா? ரொட்டிக் கடையே மூடிக்கிடக்கும் நாளில் அந்த வண்டி போய்ச்சேரும் ரூவேர் நகரத்தில் யாருக்கு என்ன வேலை? மெத்தப் படித்தவர்களுக்கு இது தெரியவில்லை.

விடாமல் போன் போட்டு நச்சரித்தாள். ரூவேரில் சந்தை கூடும் வியாழனன்று வந்து பார்ப்பதாக அதிகாரி வெர்தியே ஒப்புக்கொண்டார். சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிவந்து ஏற்றிவிடலாம் என்றான் பாலாடைக்கட்டி விற்கும் கஸ்பார்.

"பொய்யா ஒரு ஆள் ஏறக்கூடாது கஸ்பார். வழக்கமாப் போறவங்க போனாப் போதும்," என்றாள்.

வியாழனன்று மழை பிடித்துக்கொண்டது. ஏழு மணி தாண்டியும் பிளாட்பாரத்தில் அவளும் வெர்தியேயும்தான். மழைக்குப் பயந்து சந்தைக்கே போகாமல் இருந்துவிட்டார்களோ என்று கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கம்மா உங்க கூட்டம்?" என்று பேனாவை மூடினார் அவர்.

"கேட் மணி அடிக்கட்டும் சார். அதுக்கு முன்னாடி இங்க எவனும் காப்பிக் கோப்பையக் கீழ வைக்கமாட்டான்."

மணி அடித்தது. எதிரிலிருந்த காப்பிக் கடையின் கதவு திறந்தது. கஸ்பார் பாலாடைக்கட்டிப் பெட்டிகளோடு முதலில் வந்தான். பின்னால் கோழிக்கூண்டுகள், வெங்காயத்தாள் கட்டுகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் தம்பதி, தையல் பள்ளிப் பெண்கள் என்று ஊரே குடையோடு தண்டவாளத்தைக் கடந்தது. வெர்தியே இரண்டு முறை எண்ணிக்கையைத் தவறவிட்டார்.

"நாப்பத்தேழு," என்றார் கடைசியில்.

"கோழியச் சேக்காமத்தானே சார்?"

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "வண்டி நிக்கும்மா. நான் எழுதிடறேன்."

மார்செலின் அழுதுகொண்டே கொடியை உயர்த்தினாள். அத்தனை சந்தோஷம் அவள் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை. வண்டி எட்டு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. பதிவேட்டில் தாமதத்துக்கான காரணத்தைக் குறிக்க வேண்டும். கட்டம் நிறையும்படி பெரிய எழுத்தில் எழுதினாள்: பயணிகள்.