இரண்டு ஜாடி சூக்கா

போன சனிக்கிழமை ஈப்போ மார்க்கெட் பக்கம் ஒரு சீனர் கடையில் மீ நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்தேன். எதிரே ஒருவன் வந்து நின்றான். "கிராணி ஐயா, என்னைத் தெரியுதா?"

தெரியாமலா? மூன்று வருடங்களுக்கு முன், நான் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் சரக்குச் சீட்டு எழுதும் கிராணியாக இருந்தபோது அங்கே மூட்டை தூக்கியவன். சடையன். இடது கண் வெள்ளையாக இருந்தது.

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் அவன் செய்த முதல் காரியம்... பச்சைமிளகாய் ஊறிய வினிகர்த் தட்டை என் பக்கத்திலிருந்து தள்ளி வைத்ததுதான்!

"சூக்கா ஐயா. கண்ணுல பட்டுறப் போவுது. நான் எங்க வீட்டுக்குள்ளயே விடுறதில்ல. எம் பொஞ்சாதி சிரிப்பா."

எனக்கு மீ இறங்கவில்லை. ஏன் என்று வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலை பார்த்தது ஈப்போவுக்குத் தெற்கே ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர் வேண்டாம். ஒரு நாள் காலை என் சிநேகிதன், பக்கத்து ரப்பர் எஸ்டேட் கிராணி, மாட்டுவண்டியில் வந்து இறங்கினான். வைக்கோல் சுற்றிய இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகள். தாப்பா பக்கத்து எஸ்டேட்டுக்குப் போக வேண்டுமாம்.

"என்ன சரக்கு?" என்றேன், பேனாவை எடுத்துக்கொண்டு.

"சூக்கா, மச்சான். அங்க ஒரு சொட்டு இல்லயாம். இன்னிக்குப் போகலன்னா நாளைக்குப் பால் எல்லாம் கெட்டுப் போயிரும்லா!"

எஸ்டேட்டில் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டுக்கு சூக்கா என்றுதான் பெயர். மலாய்க்காரர் வீட்டுச் சமையலில் சூக்கா என்றால் வினிகர். அது நாக்கைக் கூசவைக்கும். இது தோலை உரிக்கும்.

எனக்குத் தெரியாதா? தெரியும். ஆசிட் என்று எழுதினால் தனிச் சீட்டு, சிவப்பு லேபிள், தனி வேகன் — அந்த வேகன் வர இன்னும் நாலு நாள். சிநேகிதனோ கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். எழுதினேன்: 'வினிகர், இரண்டு ஜாடி.' நான் பொய் எழுதவில்லை, மொழிபெயர்த்தேன் — மூன்று வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது.

சடையன் வந்து கேட்டான். "என்னங்கய்யா இது?"

"வினிகர்தான். சூக்கா. தூக்கு."

வினிகர்தானே! தோளில் வைத்தான். வேகன் படியில் ஏறும்போது ஜாடியின் மூடி கழன்றது. முகத்தில் தெறித்தது. வினிகர்தானே... இடுப்புச் சாரத்தால் துடைத்துக்கொண்டு இரண்டாவது ஜாடியையும் ஏற்றிவிட்டுத்தான் குழாயடிக்குப் போனான். ஆசிட் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அவன் அந்த நிமிஷமே ஓடியிருப்பான்.

அத்தோடு நின்றதா? டிஸ்பென்சரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். "என்ன பட்டது?" என்று அங்கே மருந்து போடும் டிரஸ்ஸர் கேட்டார். அப்போதாவது வாய் திறந்தேனா? சீட்டில் எழுதியதையே சொன்னேன். லேசாகக் கழுவி அனுப்பிவிட்டார். ராத்திரிக்குள் கண் போய்விட்டது.

விசாரணை நடந்தது. பெரியவர்கள் என் சீட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். 'வினிகர் பட்டு யாருக்காவது கண் போகுமா? ஏதோ கவனக்குறைவு' என்று முடித்து அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். என் சீட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எழுத்து அழகாக இருக்கிறது என்றுகூட ஒருவர் சொன்னார்! நான் வாயே திறக்கவில்லை. பயம். வேலை போய்விடும் என்ற வெறும் பயம்.

பிறகு நானே வேலையை விட்டேன். பத்திரிகைக்கு வந்தேன். ஊர் உலகத்துக்கெல்லாம் வாரா வாரம் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சடையன் இப்போது பாரிட் புந்தாரில் வயல் வேலை பார்க்கிறான். மீயை ரசித்துச் சாப்பிட்டான். "எல்லாம் என் தப்புதாங்கய்யா. சூக்காகூட ஒழுங்கா தூக்கத் தெரியாதவன்னு நம்மாளுங்களே பேசிட்டாங்க. நெசந்தானே?"

இப்போது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் என்ன சொன்னது தெரியுமா? "மீ ஆறுது, சாப்பிடு."

எழுந்து போகும்போது அவன் சொன்னான்: "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. பக்கத்து வீட்டு அக்காதான் உங்க பத்திரிகையச் சத்தமா வாசிக்கும். எங்க லயத்துல வரிசையா இருக்குற அத்தன வீடும் கேக்கும். ஒரு வாரம் விடமாட்டேன்!"

நேரில் சொல்ல முடியாத கோழை எழுதுகிறேன். அக்கா, இந்த இடத்தைக் கொஞ்சம் உரக்க வாசியுங்கள். லயம் முழுக்கக் கேட்கட்டும்.

சடையண்ணே, அது ஆசிட். தெரிந்தே மாற்றி எழுதியவன் நான். உங்கள் கையில் ஒரு தப்பும் இல்லை. விசாரணை செய்தவர்களுக்கும் இதையே எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். போன கண் இதனால் திரும்பாது, தெரியும்.

வீட்டில் சூக்கா வாங்கி வையுங்கள் அண்ணே... அது ஒன்றும் செய்யாது.