தங்கராசுவின் மெடல்

எங்கள் பெரியப்பா பட்டாளத்தில் மெடல் வாங்கியவர் என்பது செய்யூரில் எல்லோருக்கும் தெரியும். அது அவருடையது இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நான்காம் வகுப்பு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்று வந்தபின் மதுராந்தகத்தில் ஒரு பாங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் வேலைக்குப் போய்வந்தார். பிள்ளைகள் இல்லை. பள்ளி விட்டால் நான் அவர் வீட்டில்தான் கிடப்பேன். அந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு அவர் மெடலைக் குத்திக்கொண்டு வந்து கொடியேற்ற வேண்டும் என்று தலைமையாசிரியர் என்னிடம் சொல்லியனுப்பினார். பெரியப்பா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“நா வரலன்னு சொல்லிடு. அது என்னுது இல்ல.”

“பின்ன யாருது?”

“தங்கராசுது. கருங்குழிக்காரன். எங்கூட இருந்தான்.”

ஒரு கை கடலையை என் பாவாடையில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். தலைமையாசிரியரிடம் பெரியப்பாவுக்குக் காய்ச்சல் என்றேன். இவ்வளவு நல்ல மனிதர் அடுத்தவர் பொருளை ஏன் எடுத்தார் என்று விளங்கவில்லை. கேட்கவும் பயம். கருங்குழியிலிருந்து யாராவது பஸ்ஸில் வந்து இறங்கிக் கேட்டுவிடுவார்களோ என்று பல நாள் பயந்தேன்.

மார்கழியில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பி பஸ்ஸுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மறுநாள் எங்கள் தெருவில் பட்டாளத்து லாரி ஒன்று வந்து நின்றது. துப்பாக்கிகளோடு பத்துப் பேர் இறங்கினார்கள். செத்தபிறகும் பிடிக்க வருவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. பின்வாசல் வழியாகப் போய், தகரப்பெட்டியில் துணிகளுக்கடியில் இருந்த மெடலை எடுத்துக் கடலை மூட்டைக்குள் ஆழமாகப் புதைத்தேன்.

சற்று நேரத்தில் வீடே அமளிப்பட்டது. உடல்மீது கொடியைப் போர்த்தியாயிற்று. மேலே வைக்க மெடலைக் கேட்டார்கள். பெரியம்மாவின் அண்ணன், “எவனோ லவட்டிகினு பூட்டான்” என்று துக்கத்துக்கு வந்து நின்ற பால்காரரின் பையை வாங்கிக் கவிழ்த்தார். பால்காரர் அழாத குறையாக நின்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. மெடலைத் தோண்டியெடுத்துக்கொண்டு போய், தலைவர்போல் நின்ற சுபேதாரிடம் நீட்டினேன்.

“இது இவுருது இல்ல, தங்கராசுது. குடுத்துடுறோம். பெரிப்பாவ ஒண்ணும் பண்ணாதீங்க.”

அப்பா அடிக்கக் கை ஓங்கினார். சுபேதார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு என் உயரத்துக்குக் குனிந்தார்.

“யாரு சொன்னா, பாப்பா?”

“அவுருதான்.”

அவர் தன் கையிலிருந்த, மெடல் விவரம் எழுதிய காகிதத்தை ஒருமுறை பார்த்தார். “குண்டடிபட்டு வுழுந்த தங்கராசத் தோள்ல போட்டுகினு, சண்டை நடுவுல ரெண்டு மைல் நடந்து வந்தாரும்மா உங்க பெரிப்பா. அதுக்குக் குடுத்ததுதான் இது.”

“அப்போ தங்கராசு?”

“வந்து சேர்றப்பவே அவனுக்கு உசுரு இல்ல.”

மெடலைத் தன் சட்டையில் துடைத்துக் கொடியின்மேல் வைத்தார். அதுவரை சுவரைப் பார்த்தபடி இருந்த பெரியம்மா, “இதையா மனசுல வெச்சிகினு இருந்த” என்று உடலைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

எனக்கு ஒரே குழப்பம். தங்கராசுவே இல்லையென்றால் மெடல் நம்மிடமே இருக்கலாம், நல்ல சேதிதானே? பெரியம்மாவுக்கு அது புரியவில்லை போலும் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து காதோடு சொன்னேன்.

“இனிமே யாரும் கேட்டுகினு வரமாட்டாங்க, பெரிம்மா.”

அவர் இன்னும் பெரிதாக அழுதார்.