பாமாயில் ஷேரும் கலீல் பாயின் பதினொரு நிமிட வாய்ஸ் நோட்டும்

கலீல் பாய் போய்விட்டார்.

காலையில் எங்கள் ஷேர் மார்க்கெட் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன். "நம்ம கலீல் பாய் மவுத் ஆய்ட்டாரு. ஹார்ட் அட்டாக். அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." அவ்வளவுதான் மெசேஜ்.

ஆம்பூரில் ஒரு டேனரியில் அவர் செலெக்டர், தோலைத் தரம் பிரிக்கிற வேலை. அதே கம்பெனியின் ஷூ யூனிட்டில் நான் பர்ச்சேஸ் பார்த்தேன். வயது கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனாலும் நான் அவரை 'பாய்' என்பேன், அவர் என்னை 'சேகரு' என்பார்.

எந்தத் தோலையும் மேலாகப் பார்த்து கிரேடு சொல்ல மாட்டார். திருப்பிப் போட்டு, விரலால் தடவி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து... எனக்கு பிபி எகிறும்.

"பாய், ஷிப்மென்ட் போவணும்!"

"போவட்டும் சேகரு. தோலு எங்கயும் ஓடிடாது."

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு பாமாயில் கம்பெனி ஷேர் மேல் பைத்தியமாக இருந்தார். ஆந்திராவில் சொந்தத் தோட்டம் வைத்திருக்கும் சின்னக் கம்பெனி. பெயர் வேண்டாம், இது டிப்ஸ் பதிவு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் ஆறேழு பேர் கூடுவோம். எல்லோரும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஷேர் வாங்குகிற ஆட்கள். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் பாமாயிலில் வந்து நிற்கும்.

"அந்த நிலத்தோட விலையே மொத்த ஷேரோட விலையை விட ஜாஸ்தி சேகரு. மரம், மில்லு எல்லாம் இனாம். இதை விட கம்மியா எங்க கெடைக்கும்?"

"நெலத்தை வித்தாத்தான பாய் காசு? மரமெல்லாம் கிழடு. வெட்டிட்டு புதுசு நட்டா நாலு வருஷத்துக்கு காய் கெடையாது. அதுவரைக்கும் கம்பெனி இன்னா பண்ணும்?"

"மரத்த நீ பாத்தியா?"

"நீங்க பாத்தீங்களா?"

கடையே சிரிக்கும். அவரும்தான்.

அந்தச் சிரிப்பைக் கெடுத்தது நான்.

நான் ராணிப்பேட்டையில் வேறு கம்பெனிக்கு மாறி, காட்பாடியில் குடியேறிய பிறகு நடந்தது. ஒரு நாள் அந்த ஷேர் இறங்கியது. அறுபது பேர் இருக்கிற குரூப்பில் நான் போட்டேன்: "தோலைத் தவிர ஒண்ணும் தெரியாதவங்க பாமாயில் பத்தி பாடம் எடுக்கறாங்க. கேக்கறவங்க உஷாரா இருங்க."

சிரிப்பு எமோஜி குவிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கு. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது...

பாய் "சரிப்பா" என்று மட்டும் போட்டார். 'சேகரு' இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் டீக்கடைக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும். கல்யாணம், காது குத்து என்று சாக்கு. உண்மையில் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம்.

பிறகு ஒரு நாள் அவரிடமிருந்து வாய்ஸ் நோட். பதினொரு நிமிடம்! மறுபடியும் பாமாயில் பிரசங்கம் என்று விட்டுவிட்டேன். "டைம் கெடைச்சா கேளு சேகரு" என்று மறுநாள் எழுதினார். ஒரு கட்டைவிரல் எமோஜியைப் போட்டேன். கேட்கவில்லை.

மூன்று மாதம் அது அப்படியே கிடந்தது. அந்த மூன்று மாதமும் ஷேர் இறங்கும்போதெல்லாம் குரூப்பில் கேட்டேன்: "கலீல் பாய், மரம் சௌக்கியமா?"

அவர் பதிலே போட்டதில்லை.

இன்று காட்பாடியிலிருந்து ஆம்பூர் போகும் பஸ்ஸில்தான் கேட்டேன்.

"சேகரு, தோட்டத்துலதான் நிக்கிறேன். உங்க காட்பாடிலதான் ட்ரெயின் ஏறினேன். உன்ன கூப்பிடலாம்னு பாத்தேன், கோவமா இருப்பியேன்னு விட்டுட்டேன். மரத்த அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குதுப்பா. நீளக் கம்புல அருவா கட்டி குலை அறுக்கறாங்க, அதுவே எட்டல. பாதி மரத்துல காயே இல்ல. நீ சொன்னதுதான் கரெக்ட்டு. ஒரு ஆட்டுத் தோலைக் கூட திருப்பிப் பாக்காம கிரேடு சொன்னதில்ல நானு... இத மட்டும் பேப்பர்ல பாத்தே நம்பிட்டேன். ஞாயித்துக்கெழமை வா. நான் தோத்துட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீ இல்லாம சொன்னா அதுல இன்னா இருக்குது?"

பேச்சு ரெண்டே நிமிடம். ஆஃப் பண்ண மறந்திருக்கிறார். மீதி ஒன்பது நிமிடமும் காய்ந்த மட்டை மேல் அவர் நடக்கிற சத்தம். யாரிடமோ அரைகுறைத் தெலுங்கில் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கிறார். ஒரு இருமல். அவ்வளவுதான்.

பஸ்ஸில் எல்லோரும் பார்க்கிற மாதிரி அழுதேன்.

அடக்கத்தில் மூன்று பிடி மண் போட்டேன். பிறகு கால் தானாக டீக்கடைக்குப் போனது. எங்கள் செட்டில் மிச்சமிருந்த நாலு பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவர் சொன்னார்...

"எங்க எல்லார் கிட்டயும் அந்த ஷேரை வித்துடுங்கன்னு எப்பவோ சொல்லிட்டாரு சேகர். ஏன் பாய்னு கேட்டா, சேகரு வரட்டும், அவன் வந்தாத்தான் சொல்வேன்னுட்டாரு. வாராவாரம் வந்ததும் அதான் கேப்பாரு, சேகரு வந்தானான்னு."

குரூப்பில் நான் போட்டதையெல்லாம் அழிக்கப் பார்த்தேன். நாளாகிவிட்டதாம், இனி எல்லோருக்கும் அழியாதாம். இருக்கட்டும். அன்று அங்கே சிரித்தவர்கள் இதையும் படியுங்கள்.

அவர் வழக்கமாக உட்காரும் பெஞ்சில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வந்துட்டேன் பாய்... சொல்லுங்க.