தேன் கட்டிய விரல்

1. சர்க்கரைக்காரருக்குத் தேன்

விரலை எடுத்துவிடலாம் என்று டாக்டர் பிரபாகர் சொன்னபோது திம்மராயப்பா மறுத்து ஒன்றும் பேசவில்லை. வலது கையை மேசைமேல் வைத்துவிட்டு, அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி லட்சுமம்மாதான் கேட்டார்.

"எந்த வெரலுங்க சார்?"

"ஆள்காட்டி விரல்தாம்மா. விட்டா கை முழுக்க ஏறிடும்."

லட்சுமம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒரு விரலுக்கா இவ்வளவு என்று அன்று நினைத்தேன்.

நான் வேலை பார்த்தது குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு சின்னத் தனியார் மருத்துவமனை. சாத்தூர்ப் பக்கத்துப் பெண் நான். வீட்டுக்காரருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்ததால் இங்கே வந்து, இந்த ஊர்க்காரியாகவே ஆகிப்போனேன். டிரஸ்ஸிங் ரூம் என் பொறுப்பு. பிரஸ் ஷாப்பில் கை நசுங்கியவர்கள், லாரியில் அடிபட்டவர்கள், சர்க்கரைப் புண்ணோடு வருகிற விவசாயிகள் என்று காலையெல்லாம் கூட்டம் நெரியும். சாப்பாட்டு நேரம் முடிந்தால் அடங்கிவிடும். ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்பு. அதற்கு அப்பால் சாலை. லாரிகளின் சத்தம் தோப்பைத் தாண்டி வரும்போது இரைச்சலாக இருக்காது, யாரோ வாய்க்குள்ளேயே பாடுகிற மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் கண்ணைத் திறந்துகொண்டே எனக்குக் கனவு வரும். "சிஸ்டர் சாமியாடுறாங்க" என்று கூட வேலை செய்கிற பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். அதெல்லாம் எனக்குப் பழக்கம்.

திம்மராயப்பா குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகர். மிரண்ட காளை ஒன்று கயிற்றை இழுத்ததில் விரல் சதை அறுந்திருக்கிறது. சந்தையிலேயே காபித்தூளை அப்பித் துணியால் கட்டிக்கொண்டு அன்றைய பேரத்தை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். உடம்பில் சர்க்கரை. எங்களிடம் வந்தபோது விரல் வீங்கி, சீழ் வைத்து, மேலே மஞ்சளாகச் செத்த சதை படிந்திருந்தது. அதை நாங்கள் ஸ்லஃப் என்போம். கல்ச்சர் ரிப்போர்ட்டில், வழக்கமான மாத்திரைக்கு அடங்காத கிருமி என்று வந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும் தப்பித்திருந்தது.

அந்த எலும்பை வைத்துத்தான் டாக்டர் ஒரு தவணை கொடுத்தார். செத்த சதையைக் கொஞ்சம் வெட்டி எடுப்போம், ஊசி மருந்து நடக்கட்டும், மேலே மெடிக்கல் ஹனி போட்டுப் பார்ப்போம், ஒரு வாரத்தில் கேட்கவில்லை என்றால் விரலை எடுத்தே ஆகவேண்டும் என்றார். கூடவே, சோற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

விரல் போகும் என்றபோது வாய் திறக்காதவர், இதற்குத் திறந்தார்.

"டீக்குச் சக்கர போடாத, சோத்தக் கொற. ஆனா புண்ணுக்குத் தேன் ஊத்தலாமா? என்னா நாயம் சார் இது?"

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

2. ஜன்னலில் தேனீ

மெடிக்கல் ஹனி என்றால் ஏதோ கடைச் சரக்கென்று நினைத்துவிடக் கூடாது. ட்யூபில் வரும். காமா கதிர் காட்டி, தேனுக்குள் தூங்குகிற கிருமி வித்துகளைக்கூடக் கொன்றிருப்பார்கள். சூடாக்கினால் தேனின் குணம் போய்விடும், அதனால்தான் கதிர். புண்ணில் போட்டால் அது உள்ளேயிருந்து நீரை இழுக்கும், கிருமிக்கு வேண்டிய ஈரத்தைக் கொடுக்காது, ஸ்லஃப்பை இளக்கிவிடும். முதல் சில நாள் கட்டு சொதசொதவென்று நனையும். பார்க்கிறவர்கள் புண் மோசமாகிவிட்டது என்று பயந்துவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் எரியவும் செய்யும்.

திம்மராயப்பாவுக்கு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். மா பூத்திருந்த காலம் அது. ஸலைனில் புண்ணைக் கழுவி, ட்யூபை நான் பிதுக்கியபோது வெயில் குறுக்கே வந்து தேனுக்குள் ஒரு கணம் நின்றது. கண்ணாடிக்கு வெளியே இரண்டு தேனீக்கள் வந்து முட்டின. அவ்வளவு பூவை விட்டுவிட்டு இந்த ஒரு சொட்டுக்கு வந்திருக்கின்றனவே என்று எனக்கு வியப்பு. அவற்றையே பார்த்துக்கொண்டு அவரும் எரிச்சலை மறந்தார். எந்தக் காட்டுப் பூவின் தேனோ, எத்தனை ஊர் தாண்டி வந்ததோ, இப்போது குந்தாரப்பள்ளித் தரகர் விரலில் உட்கார்ந்திருக்கிறது. இதை நினைத்தபடி கட்டை இறுக்கிவிட்டேன் போல, "யம்மா, மெதுவா" என்றார்.

நாலைந்து கட்டு மாற்றியதும் முதலில் நாற்றம் போனது. பிறகு மஞ்சள் விலகி, அடியில் சிவப்பாகப் புதுச் சதை எட்டிப்பார்த்தது. எங்கள் பாஷையில் கிரானுலேஷன். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது சந்தோஷந்தான். கட்டைப் பிரிக்கும்போது தேன் சதையோடு ஒட்டாது, அதனால் அந்தப் புதுச் சிவப்பு கிழிபடாமல் அப்படியே இருக்கும். விரலை எடுக்கும் பேச்சை டாக்டர் தள்ளிவைத்தார். வீட்டிலிருந்து வந்து போனால் போதும் என்று அனுப்பினோம்.

3. துண்டுக்குள்ளே

சந்தை நாளுக்கு மறுநாள் வந்தார். கட்டு நான் போட்ட கட்டாக இல்லை. பிரித்தால் உள்ளே மண்ணும் சாணி நாற்றமும். புதுச் சதை கறுத்து, மறுபடி சீழ். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்ன அண்ணே பண்ணி வச்சிருக்கீக?" என்று கத்திவிட்டேன். கோபம் வந்தால் சாத்தூர் தானாக வாயில் வந்துவிடும்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். லட்சுமம்மாதான் சொன்னார். முந்தின நாள் சந்தைக்குப் போய், கட்டைக் கழற்றிவிட்டுத் துண்டுக்குள் கையை விட்டிருக்கிறார்.

மாட்டு பேரம் வாயால் நடப்பதில்லை. வாங்குகிறவரோ விற்கிறவரோ, அவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடிப்பதும் விடுவதும்தான் விலை. சுற்றி எத்தனை பேர் நின்றாலும் வெளியே ஒன்றும் தெரியாது. முழு விரலைப் பிடித்தால் ஒன்று. ஆள்காட்டி விரல் நுனியால் எதிராளியின் கணுவில் ஓர் அழுத்து அழுத்தினால் அரை.

"பேரமே அந்த அரையிலதான் சிஸ்டர் முடியும்," என்றார் திம்மராயப்பா. "நீங்க கட்டுனது தேங்கா மாதிரி கீது. அத வெச்சி எப்டி அர சொல்றது?"

இடது கையைக் கொடுத்திருக்கலாமே என்றேன். இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இடது கையை நீட்டினால் ஆளை அவமதித்ததாகிவிடுமாம், அப்புறம் ஜென்மத்துக்கும் அவன் இவரிடம் மாடு பிடிக்க மாட்டானாம்.

லட்சுமம்மா இன்னொன்றும் சொன்னார். அவர்கள் வீட்டிலும் துண்டுப் பேச்சு உண்டு. விருந்தாளி வந்து உட்கார்ந்திருக்கும்போது எத்தனை பேருக்குச் சமைப்பது என்று வாய்விட்டுக் கேட்க முடியுமா? இவர் தோள் துண்டுக்குள் கையைக் கொடுத்துச் சொல்லிவிடுவார். மூன்றரை என்றால் பெரியவர்கள் மூன்று, பிள்ளை ஒன்று. கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் மாமியார் முன்னால் பேசக் கூச்சப்பட்டு இதைப் பழகிக்கொண்டார்களாம்.

"போன வாரம் ராயக்கோட்டைலேந்து ஒறம்பர, சொந்தக்காரங்க, வந்தாங்க. துண்டுக்குள்ள கைய வெச்சாரு. மூணு தெரிஞ்சுது. அப்பறம் அந்த வெரலு ஒண்ணும் பேசல சிஸ்டர். கொழந்தைக்கு எல போடாம விட்டுட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. முதல் நாள் அவர் ஏன் அப்படிப் பெஞ்சில் உட்கார்ந்தார் என்று இப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

4. லட்சுமம்மா சந்தைக்குப் போனார்

டாக்டர் பொறுமைசாலிதான், ஆனாலும் இந்தத் தடவை கறாராகப் பேசினார். இன்னொரு முறை சுத்தம் செய்து, ஊசியும் தேனும் மறுபடி ஆரம்பிக்கலாம், ஆனால் ஆள் வார்டில் இருக்க வேண்டும், சந்தைக்குப் போனால் அடுத்தது கத்திதான் என்றார். சந்தைக்கு வராத தரகரை ஆட்கள் மறந்துவிடுவார்கள் என்று திம்மராயப்பா கவலைப்பட்டார். அதுவும் பொய்யில்லை.

லட்சுமம்மா கட்டில் கம்பியில் தொங்கிய துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"நா போறேன்."

"பொம்பள கைய எவன் புடிப்பான்? பேடா, வேணாம், சும்மா இரு."

"ஆம்பள புடிக்க வேணா. ஆடு ஓட்டிக்கினு பொம்பளைங்க வர்றாங்கல்ல, அவங்க புடிப்பாங்க."

அப்படியே நடந்தது. முதல் சந்தையில் சிரித்திருக்கிறார்கள். ஆனால் ஆடு கொண்டுவந்த பெண்கள், ஆண் தரகரிடம் கையைக் கொடுக்கக் கூச்சப்பட்டு இத்தனை காலம் சொன்ன விலைக்கு விட்டுப் போனவர்கள், லட்சுமம்மாவின் துண்டைத் தேடி வந்திருக்கிறார்கள். சந்தை முடிந்து நேராக வார்டுக்கு வந்து, நடந்ததையெல்லாம் அவர் கன்னடமும் தமிழுமாகக் கொட்டினார். திம்மராயப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பெருமையா பொறாமையா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

நானும் என் கட்டை மாற்றிக்கொண்டேன். கை முழுவதையும் உருட்டிக் கட்டுவதை விட்டு, அந்த ஒரு விரலுக்கு மட்டும் தேன் தடவிய காஸ் துணியை மெல்லிசாகச் சுற்றி, மற்ற விரல்களை வெளியே விட்டேன். மத்தியானங்களில் அவர் அந்த விரல்களைப் போர்வைமேல் அசைத்துக்கொண்டிருப்பார். கண் மூடியிருக்கும். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். என்ன விலைக்கு எந்த மாட்டை விற்றாரோ, நான் கேட்டதில்லை. வெளியே மாம்பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்துக்கொண்டிருந்தது. அந்த அறையில் நேரமே தேன் மாதிரி மெதுவாக இறங்கியது. அதில் நானும் அடிக்கடி அமிழ்ந்துபோனேன்.

5. மூன்றரை

புண் மூடிவிட்டது. விரலும் பிழைத்தது. ஆனால் உணர்ச்சி வருமா என்று டாக்டருக்குச் சந்தேகம். திம்மராயப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் விரல் நுனியைத் தொட்டார்.

"தெரியுதா?"

"தெரியுது சார்."

தொடாமலே கேட்டார். அதற்கும் "தெரியுது சார்" என்றார். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருக்கிற நோயாளி இப்படித்தான் சொல்வார். டாக்டர் பஞ்சைத் தட்டில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

துண்டுக்குள் கையைக் கொடுங்கள் என்று லட்சுமம்மாவிடம் சொன்னேன்.

அவர் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு கைகளும் துண்டுக்குள் போயின. துண்டு லேசாக அசைந்தது, பிறகு நின்றது. தோப்பில் ஒரு குயில் கத்தி ஓய்ந்தது. அந்த விரல் பேசாவிட்டால் என்ன செய்வது? மறுபடி துண்டு ஒருமுறை அசைந்தது. லட்சுமம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"மூணர எல போடச் சொல்றாரு," என்றார்.

"யார் யாருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"உங்களுக்கு ஒண்ணு, சிஸ்டருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. அந்த அர அவருக்குங்க. சோத்தப் பாதியாக் கொறைக்கச் சொன்னீங்களே."

டாக்டர் கேஸ் ஷீட்டை எடுத்து, விரல் நுனியில் உணர்ச்சி உண்டு என்று எழுதினார். எனக்குக் கண்ணீர் வந்தது, நான் மறைக்கவில்லை.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. சமையலறைத் தேனைப் புண்ணில் ஊற்ற விடாதீர்கள். தேன் போட்டாயிற்றே என்று ஊசியையும் சர்க்கரை மாத்திரையையும் விட்டுவிட விடாதீர்கள். கட்டு நனைந்தால் பயப்படாமல் மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கட்டுப் போட உட்கார்ந்ததும், இந்தக் கை என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். நான் முதல் நாளே கேட்டிருந்தால் அந்தத் தேங்காய்க் கட்டைப் போட்டிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு கேட்காமல் இருந்ததில்லை.

விருந்துக்கு நானும் டாக்டரும் போனோம். தோப்புக்குள் வீடு. மாங்காய் போட்ட பருப்பு, களி, கீரை. கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. கடைசி இலையை லட்சுமம்மா பாதியாக நறுக்கிப் போட்டிருந்தார். திம்மராயப்பா அதன் முன்னால் போய் உட்கார்ந்தார்.