பத்து நிமிடக் கம்பி

தனக்கென்று ஒன்றையும் கேட்காத மனிதரைப் பார்த்து இன்னொருவன் பொறாமைப்பட முடியுமா? குகதாசனின் வாழ்க்கை பிரணவனிடம் கேட்ட கேள்வி அது.

குகதாசன் கரவெட்டிக்காரர், அரியாலையில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளர். உலையைக் கவனிப்பதும் தரையைக் கூட்டுவதும் அவர் வேலை. பிரணவன் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பியவன். வளைத்த பிறகும் சூடுபட்டால் பழைய வடிவத்துக்கு மீளும் நிக்கல்-டைட்டேனியம் கம்பிதான் அவனுடைய ஆராய்ச்சி. எடையைத் தொங்கவிட்டுச் சூடாக்கினால் அது சுருங்கும், ஆறினால் நீளும். திரும்பத் திரும்பச் செய்தால் களைத்து அறும். பிரணவன் உலையில் பதப்படுத்திய கம்பி மூவாயிரம் தடவையில் அறுந்தது. குகதாசன் பதப்படுத்தியது பதினோராயிரம் தாண்டியும் எடையைத் தூக்கியது.

எண்ணும் கருவி பிழை என்று பிரணவன் அதை மாற்றினான். கம்பியைச் சந்தேகித்தான், ஆனால் இரண்டும் ஒரே சுருளில் வெட்டியவை. அந்த மனிதர் நிதானமாகச் சோறு சாப்பிடுவதே அவனுக்கு எரிச்சலூட்டியது. கடைசியில் ஒருநாள் உலைக்குப் பக்கத்திலேயே நின்றான். பத்தாவது நிமிடத்தில் குகதாசன் கம்பியை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.

"அண்ணை, அரைமணித்தியாலம் எல்லோ!"

"கறண்ட் வெட்டின காலத்திலை பழகினது, சேர். கறண்ட் போக முதல் கம்பியை எடுத்திடுவன். அப்பிடி எடுத்ததெல்லாம் அறாமல் நிண்டு பிடிச்சுது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அரைமணித்தியாலம் எண்டு நீங்கள்தானே எழுதி ஒட்டினனீங்கள். அதுக்கு மேலை நான் என்னத்தைக் கதைக்கிறது?"

கூடுதல் நேரம் சூட்டில் கிடந்தால் உலோகத்தின் நுண்மணிகள் பருத்து வலுக் குறையும். பிரணவன் அதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறான். அதனாலேயே கூடுதலாக வலித்தது.

பத்து நிமிட முறையைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் தன் பெயரை மட்டும் போட்டான். வேலை நிரந்தரமாவது அந்தக் கட்டுரையில்தான் தங்கியிருந்தது. ஆனால் அது மட்டுமே காரணம் என்று அவனாலும் சொல்லமுடியாது.

ஆய்வுகூடப் பணிப்பாளர் கனகாம்பிகை கட்டுரையை வாசித்துவிட்டு, உலை நேரங்களைக் குறிக்கும் கொப்பியோடு வந்தார். குகதாசன் பக்கத்தில் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் குகதாசன்ரை கையெழுத்து. பத்து நிமிசம் எண்டு கண்டுபிடிச்சது ஆர்?"

பிரணவன் கொப்பியை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினான். உண்மையைச் சொல்ல ஒரு சொல் போதும்.

"சேர்தான், மிஸ்," என்றார் குகதாசன். "அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினனான்."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிரணவன் பின்னர் இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் குகதாசன் சிரித்தார்.